அவள் கைக்கு ஒரு யுகுலேலே

எனக்கு ஒருவருக்கு உதவி செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டால் அந்த ஆள் தப்பிக்க முடியாது. கொமுட்டர் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் இரண்டு முறை இருமினால் கைப்பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்து நீட்டுவேன். வேண்டாம் என்று சொன்னால் உறையைப் பிரித்து நீட்டுவேன். "அம்மா, உங்களுக்கு ஹெல்ப் பண்ற வியாதி லா," என்பாள் என் மகள். நான் சிரித்துக்கொள்வேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்கு உறைத்தது போன வருடம்தான், அதுவும் யுகுலேலே என்கிற நாலு கம்பிக் குட்டி கிட்டார் ஒன்றை வாங்கப் போய்.

யாருக்கு வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நானும் அவளும் இருபத்து மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. சுங்கத்துக்குப் போகும் படிவங்களை, எங்கள் பேச்சில் பாரங்களை, அவள் தட்டச்சு செய்வாள், நான் பிழை பார்ப்பேன். பிழை இருக்காது. அவள் விரல்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டு லோரி டிரைவர்கள் கவுண்டரிலேயே நின்றுவிடுவார்கள். பள்ளி விடுமுறையில் என் மகளை நான் அலுவலகத்துக்குக் கூட்டிப் போவேன். அவளுக்கு மதியச் சோற்றைப் பிசைந்து ஊட்டியதெல்லாம் என் தோழிதான், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் மகள் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுக்குப் போன வருடத் தொடக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து விழுந்ததாம். பேச்சு சில வாரங்களில் திரும்பிவிட்டது. காலும் கொஞ்சம் இழுத்தபடி திரும்பிவிட்டது. வலது கைதான் திரும்பவில்லை. தோளிலிருந்து தூக்குவாள், விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது, விட்டால் பிடிக்கத் தெரியாது. அந்தக் கையை அவள் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து அவளை முதன்முதலாக வெளியே கூட்டிப் போனேன். அவள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஃபிளாட். அவள் கணவர் ஷா ஆலமில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். சம்பள நாளன்று பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடைக்குப் போவது எங்கள் பழைய வழக்கம். அன்றைக்கும் அங்கேதான் போனோம். இலை போட்டார்கள், சோறு விழுந்தது, ரசம் ஊற்றினார்கள். அவள் துப்பட்டாவிலிருந்து வலது கையை எடுத்து இலையில் வைத்தாள். பிசைய வரவில்லை. பாதிச் சோறு மடியில் விழுந்தது. இடது கை சும்மாதான் இருந்தது. ஆனால் இலைக்கு முன்னால் இடது கையை நீட்டக் கூடாது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம். அவள் அதை எடுக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? கைப்பையிலிருந்து டிஷ்யூவை உருவி அவள் மடியைத் துடைத்தேன், இலை ஓரத்தைத் துடைத்தேன், அவள் வாயைக்கூடத் துடைத்தேன். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, "அண்ணே, ஒரு ஸ்பூன் குடுங்க, இவங்களுக்குக் கை வராது," என்று கூப்பிட்டேன். என் குரல் துறைமுகத்தில் பழகிய குரல். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஸ்பூனை அவள் இடது கையில் வைத்து விரல்களை நானே மடக்கிவிட்டேன். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தாள். ஒரு பிரச்சினையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு நான் மோர் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் மழையாக இருக்கும், தலை சுற்றும், யாரோ வருவதாக இருக்கும். கோயிலுக்குப் போவதில்லை, கல்யாணங்களுக்குப் போவதில்லை. நோய் மனதையும் தாக்கிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, டாக்டர் மாதிரி எல்லோரிடமும் விளக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பண்டமாரானில் எங்கள் வீட்டில் நலங்கு. பெண்ணை மணையில் உட்கார வைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து கன்னத்திலும் கையிலும் மஞ்சள் பூசி ஆசீர்வாதம் செய்ய வேண்டும். முதலில் பூசுவது யார் என்பதில் எங்கள் சொந்தத்தில் சண்டையே நடக்கும். என் மகள் அந்தச் சண்டைக்கு இடமே வைக்கவில்லை. "முதல் கை பெரியம்மாதான்," என்று சொல்லிவிட்டாள். நான் போன் செய்து சொன்னேன்.

"பாக்கலாம்டி," என்றாள்.

இருபத்து மூன்று வருடத்தில் அவளுடைய 'பாக்கலாம்' எனக்கு அத்துப்படி. பாக்கலாம் என்றால் வரமாட்டாள். அவள் இல்லாமல் என் மகளுக்கு நலங்கா? எப்படியாவது அவளை அந்த வீட்டிலிருந்து கிளப்ப வேண்டும். நலங்குக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது.

கல்யாண மண்டபத்துத் திரையில் போடுவதற்காகப் பழைய படங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படம் கிடைத்தது. எங்கள் அலுவலக ஆண்டு விருந்து. அந்த வருடம் ஹவாய் வேஷம் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் பிளாஸ்டிக் பூமாலை, மேனேஜர் உட்பட. நடுவில் அவள் ஒரு பொம்மை யுகுலேலேயை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். வாய் நிறையச் சிரிப்பு. அன்றைக்கு அதை வாசிப்பதுபோல நடித்து ஒரு பாட்டு முழுவதும் பாடினாள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில், "நெசமாவே ஒன்னு வாங்கிக் கத்துக்கணும்டி," என்றாள். மறுநாள் இரண்டு கண்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது, பேச்சு அதோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அவள் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டிருந்தாள். அதை அழுத்தும்போது தன்னைக் குழந்தை மாதிரி உணர்வதாகச் சொல்லியிருந்தாள். யுகுலேலே பொம்மை இல்லை, பெரியவர்களும் வாசிக்கிற சாமான். கைக்குப் பயிற்சியும் ஆச்சு, மனசுக்கும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன்.

விலை குறைவாகத்தான் வாங்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணச் செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அவளேதான். அவள் வீட்டுக்கு ஒரு தப்பர்வேரில் சாம்பார் அனுப்பினால், அந்த டப்பா காலியாகத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. கேசரி இருக்கும், மாம்பழம் இருக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் நான்கு எலுமிச்சம்பழமாவது உருளும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நான் அனுப்பிய டப்பாக்கள் ஒன்றும் திரும்பவில்லை. நிரப்ப முடியாமல் அவள் வீட்டு அலமாரியிலேயே அடுக்கி வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த நிலையில் விலை கூடின சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பிச் செய்ய முடியவில்லையே என்று அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

முதலில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் பொம்மைப் பகுதியில் பார்த்தேன். நீல நிறம், மேலே ஒரு டால்பின். கம்பியைத் தட்டினால் பிஸ்கட் டின்னைத் தட்டின சத்தம். வைத்துவிட்டுக் கிள்ளான் பட்டணத்தில் இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு கடைக்குள் நான் நுழைவது அதுதான் முதல் தடவை. கவுண்டரில் முப்பது வயதிருக்கும் ஒரு தமிழர். சனி ஞாயிறுகளில் கல்யாணங்களில் கீபோர்டு வாசிப்பவராம்.

"யாருக்கு அக்கா? பிள்ளைக்கா?"

"இல்ல தம்பி, என் ஃபிரெண்டுக்கு. என் வயசுதான். விலை கம்மியா இருக்கணும். ஆனா பாத்தா கம்மின்னு தெரியக் கூடாது."

"எல்லாரும் அதான் கேக்கறாங்க," என்று சிரித்துக்கொண்டே மூன்றை எடுத்து வைத்தார்.

எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். தலையில் இருக்கும் முறுக்காணிகளைத் திருகிப் பார்க்கச் சொன்னார். மலிவுச் சாமானில் முதலில் காலை வாருவது அதுதானாம், திருகி விட்டதும் நழுவிப் பழைய இடத்துக்கே போய்விடும். கழுத்து ஓரமாக விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் பித்தளை நுனிகள் முள் மாதிரி குத்தின, அதைத் தள்ளி வைத்தேன். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி அதிகமிருந்தால் அழுத்தி அழுத்தி விரல் நோகும் என்றார். இன்னொன்று அதில் தோற்றது. மிகச் சின்ன அளவு பெரியவர்கள் விரலுக்கு நெருக்கடி, அடுத்த அளவே சரி என்றும் சொன்னார். கடைசியில் நின்றது பழுப்பு நிறத்தில் ஒன்று. வேலைப்பாடு ஒன்றும் இல்லை. காட்சிக்கு வைத்திருந்ததில் பின்பக்கம் ஒரு கீறல் விழுந்திருந்ததால் விலை இறங்கியிருந்தது. பையோடு சேர்த்து நூற்று நாற்பது வெள்ளி. அவர் அதைத் தட்டிக் காட்டினார். சின்னச் சத்தம்தான், ஆனால் கேட்டதும் முகம் மலர்கிற சத்தம்.

"நாலு கம்பியும் நைலான்தான் அக்கா, புதுசு, ஒரு வாரத்துக்குத் தளர்ந்துகிட்டே இருக்கும். வாசிக்கிறதுக்கு முன்னால திருகிக்கணும். பயப்பட வேணாம்னு சொல்லுங்க," என்றார். பிறகு, "அவங்களுக்கு எந்தக் கை பழக்கம்? இடது கைக்காரங்கன்னா கம்பிய மாத்திக் கட்டித் தரேன்," என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. கம்பியைத் தட்டுவது வலது கை, கழுத்தைப் பிடித்துக்கொள்வது இடது கை. அப்படியென்றால் முக்கியமான வேலை வலது கையுடையது. இதில் எனக்கு ஐயமே எழவில்லை. கொடுப்பது வலது, வாங்குவது வலது, சாப்பிடுவது வலது, விளக்கேற்றுவது வலது. புது வீட்டுக்குள் நுழையும் காலும் வலது. இடது என்பது பாத்திரம் நழுவாமல் பிடித்துக்கொள்வதற்கு. அவளுக்கு வராத வலது கையிடம் முக்கிய வேலையைக் கொடுக்கலாமா? நல்ல கையான இடது தட்டட்டும், வராத கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

அந்தத் தம்பியிடம் ஸ்ட்ரோக்கைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே சரியாகியிருக்கும். சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்காரி வெளியில் நோய்ப் பேச்சு பேசக் கூடாது என்று ஒரு எண்ணம். அவளுடைய கையை இன்னொரு கடையில் நின்று நானே அறிவிப்பதா என்றும் ஏதோ ஒன்று தடுத்தது. அந்தத் தயக்கம் வாழையிலைக் கடையிலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இடது கைதான் தம்பி. பொறந்ததுலேருந்தே," என்றேன்.

அவர் நான்கு கம்பிகளையும் கழற்றி மேல் கீழாக மாற்றிக் கட்டினார். கழுத்து முனையில் இருக்கும் வெள்ளைப் பட்டையின் சின்னத் தடத்தில் தடித்த கம்பி உட்காரவில்லை என்று மெல்லிய அரத்தால் தேய்த்துவிட்டார். அந்தப் பொறுமையான வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மீதே பெருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கொமுட்டர் பிடித்துச் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போனேன். கதவைத் திறந்ததும் அவள் கண் பையில் போய் நின்றது.

"என்னடி அது?"

"பிரிச்சுப் பாரு."

சொல்லிவிட்டு ஜிப்பை நானே இழுத்துவிட்டேன். பழுப்பு மரத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏழு மாதமாக நான் பார்க்காத ஒன்று வந்தது. வாங்கிக்கொள்ள இடது கையை நீட்டினாள். சட்டென்று அதை இழுத்துக்கொண்டு வலது கையை முட்டுக் கொடுப்பதுபோல அதன்கீழ் சேர்த்து, இரண்டு கையாலும் வாங்கினாள்.

"உனக்காக ஸ்பெஷலா மாத்திக் கட்டியிருக்கு. இடது கையால தட்டு. வலது கை சும்மா புடிச்சா போதும்," என்று மடியில் சாய்த்து வைத்துக் கையை எங்கே வைப்பது என்றும் காட்டினேன். போனில் ஒரு பாட வீடியோவை எடுத்து எதிரில் நிறுத்தினேன். அவள் இடது கையால் தட்டினாள். நான்கு கம்பியும் ஒலித்தன. சிரித்தாள். இப்போது ஒரு கம்பியை அழுத்த வேண்டும் என்றது வீடியோ. அழுத்த வேண்டியது கழுத்தில் இருந்த வலது கை. அந்த விரல்கள் மொத்தமாக வந்து எல்லாக் கம்பிகளின் மீதும் படுத்துக்கொண்டன. தட்டினால் டொக் என்று செத்த சத்தம். விரலைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடியும் டொக்.

"இரு, நான் புடிச்சு வைக்கிறேன்," என்று அவள் நடுவிரலைப் பிடித்துக் கம்பியில் அழுத்தினேன்.

அவள் கையை உதறினாள். அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"விடுடி! எல்லாத்தையும் நீயே பண்ணு. எனக்கு எந்தக் கை வரும், எந்தக் கை வராதுன்னு நீயே சொல்லு. அன்னிக்குக் கடையில கத்துனியே, இவங்களுக்குக் கை வராதுன்னு. அங்க இருந்த அத்தனை பேருக்கும் சொன்ன. என் வாயைத் தொடச்ச. உன் மகள் நலங்குக்கும் டிஷ்யூவோட என் பின்னாலயே நிப்ப, எனக்குத் தெரியும். நான் வரல. இதையும் எடுத்துட்டுப் போ."

மழை, தலைசுற்றல், வருவதாக இருந்த விருந்தாளிகள் எல்லாம் என்னவென்று அந்த நிமிடம் புரிந்தது. நோய் ஒன்றும் அவள் மனதைத் தாக்கவில்லை, தாக்கியது நான். மன்னிப்புக்கூடக் கேட்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். திரும்பும் ரயிலில் கிள்ளான் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். எதிரில் இருந்த மலாய்க்காரம்மா ஒரு டிஷ்யூவை நீட்டினார். அதை வாங்கும்போது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை கடைக்குத் திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். ஸ்ட்ரோக் என்றும் சொன்னேன், பிறவி இடது கை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். அந்தத் தம்பி கோபிக்கவில்லை. யுகுலேலேயைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவங்களுக்கு மாத்தாமலே விட்டிருந்தாதான் சரி. இதுல அறிவான வேலையெல்லாம் இடது கைதான் செய்யுது. எந்தக் கம்பி, எந்தக் கட்டம், எந்த விரல்னு தேடிப் போறது அதுதான். வலது கை என்ன பண்ணுது? மேலேருந்து விட்டா, அதுவா விழுது. அவ்வளவுதான்."

பேசிக்கொண்டே தன் வலது கையைத் தூக்கி, மணிக்கட்டைத் தளர்த்தி, கம்பிகளின் மேல் விழவிட்டார். விரல்கள் செத்ததுபோல் தொங்கின. நான்கு கம்பிகளும் பாடின. இடது கை விரல் ஒன்று நகர்ந்ததும் சத்தம் மாறியது. ஐம்பத்தாறு வருடமாக அடுப்படியில் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர இடது கைக்கு வேறு யோக்கியதை இருக்கும் என்று நான் நினைத்ததே கிடையாது.

கம்பிகளைப் பழையபடி கட்டினார். அரத்தால் தேய்த்த தடம் இப்போது மெல்லிய கம்பிக்குத் தொளதொளவென்று இருந்ததால், அந்த வெள்ளைப் பட்டையையே கழற்றிப் புதிது போட்டார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "அவங்க வாசிச்சதும் வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க, போதும்," என்றார்.

மறுபடியும் பிரிக்ஃபீல்ட்ஸ். இந்தத் தடவை உள்ளே போகவில்லை. இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினேன்.

"கடையில கத்துனது தப்பு. உன் வாயைத் தொடச்சது தப்பு. இதுல கம்பியை மாத்துனதும் தப்பு. இப்போ சரியா கட்டியாச்சு. இடது கை அழுத்தணும், வலது கை சும்மா மேலேருந்து விழுந்தா போதுமாம். கடைக்காரர் சொன்னாரு, நான் சொல்லல. வேணாம்னா யாருக்காச்சும் குடுத்துடு."

பையைக் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு, அவள் பதில் சொல்வதற்கு முன்பே நடந்துவிட்டேன். பயம்தான்.

மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த மூன்று வாரமும் நான் கூப்பிடவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். போனை எடுப்பேன், வைப்பேன். நலங்குப் பட்டியலில் முதல் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். என் மாமியார் வழியில் ஒருத்தர் அந்த முதல் இடம் தனக்கு வேண்டும் என்று ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மாலை அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. திறந்தால் பேச்சு இல்லை. ஒரு முனகல், நாற்காலி நகர்கிற சத்தம், பிறகு நான்கு கம்பிகள். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் நான்கு கம்பிகள், ஆனால் வேறு சத்தம். விரல் மாறியிருக்கிறது! இடைவெளிகள் ஒன்றுபோல் இல்லை. ஒரு முறை கை தவறி மரத்தில் விழுந்தது. பதினான்கு நொடிதான் அந்தச் செய்தி. கிழங்கு அடிப்பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன். என்ன பதில் போடுவது என்று யோசித்து யோசித்து, பிரமாதம் என்று எழுதி அழித்து, இன்னும் பழகு என்று எழுதி அழித்து, கடைசியில் 'கேட்டேன்' என்று மட்டும் அனுப்பினேன். கடைத் தம்பிக்கும் அந்தச் செய்தியை அனுப்ப ஆசையாக இருந்தது. அவளைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து அனுப்பினேன்.

நலங்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் என்னை வரச் சொன்னாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். இடது கை விரல்கள் பாரம் அடித்த காலத்து விரல்கள்போலவே இடம் பார்த்துப் போயின, மெதுவாக. வலது கையைத் தோளிலிருந்து தூக்கி விழவிட்டாள். நடுவில் கம்பி திருகும்போது முறுக்காணி அவள் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டுத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு சாப்பிட்டோம். அவள் தட்டில் இடது கையை வைத்துப் பிசைந்து சாப்பிட்டாள், நான் குழம்பை மட்டும் பார்த்தேன்.

"நலங்கு எத்தனை மணிக்குடி?" என்று கேட்டாள்.

"நாலு மணிக்கு," என்றேன். வேறொன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டது என் வாழ்நாள் சாதனை.

அன்றைக்குப் பண்டமாரான் வீட்டில் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. அவள் கணவர் காரில் கொண்டுவந்து இறக்கினார். அவள் கையில் ஒரு பெரிய பை. அதில் என் தப்பர்வேர் டப்பாக்கள் ஐந்து, ஐந்திலும் லட்டு. கடையில் வாங்கி நிரப்பியது என்று மூடியைத் திறக்காமலே தெரிந்தது. வாங்கி உள்ளே வைத்தேன்.

மகள் மஞ்சள் புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். அலங்காரம் செய்ய வந்த பெண் மூன்று மணி நேரம் பாடுபட்டு முகத்தைத் தயார் செய்திருந்தாள். படம் எடுப்பவர் எதிரில் குந்தியிருந்தார். என் தோழி முன்னால் வந்து நின்றாள். துப்பட்டாவில் மறைக்க வழியில்லை, புடவை கட்டியிருந்தாள். மாமியார் வழிப் பெண்களின் பார்வை முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது. நான் மகளுக்குப் பின்னால் நின்றேன். எப்போது எடுத்தேனோ தெரியாது, என் கையில் ஒரு டிஷ்யூ இருந்தது.

அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை மஞ்சள் கிண்ணத்தில் தோய்த்தாள். பிறகு இடது கையை எடுத்துவிட்டாள். வலது கையைத் தோளிலிருந்து தூக்கினாள். என் மகளின் முகத்துக்கு மேலே அது ஆடிக்கொண்டு நின்றது. விழவிட்டாள். நெற்றி ஓரத்தில் பட்டு, கன்னத்தில் இறங்கி, தாடையைத் தாண்டிக் கழுத்து வரைக்கும், நான்கு விரலுக்கு நான்கு மஞ்சள் கோடு. ரவிக்கையிலும் பட்டது. அலங்காரப் பெண் "அய்யோ" என்று மெல்லச் சொல்லி என்னைப் பார்த்தாள்.

என் கை அசைந்தது. என்னை எனக்குத் தெரியும், அது அசையும். டிஷ்யூவைக் கசக்கி உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன்.

என் மகள் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பி மற்றக் கன்னத்தைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம், பெரியம்மா."

அவள் மறுபடியும் தோய்த்தாள், மறுபடியும் கையைத் தூக்கினாள். இந்த முறை கொஞ்சம் நேராக விழுந்தது. குங்குமத்தை இடது கை மோதிர விரலால் எடுத்து நெற்றியில் வைத்தாள். பொட்டு கச்சிதமாக நடுவில் நின்றது. இடது கை என்று யாரும் தடுக்கவில்லை. எனக்குக் கண் மறைத்தது. அடுத்த சுமங்கலியைக் கூப்பிட வேண்டியது நான்தான், அதை மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூடியிருந்த என் கையையும் பார்த்தாள்.

"அந்த டிஷ்யூவால உன் கண்ணைத் தொடச்சிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடு லா," என்றாள்.